ஒரே ஆள், இரண்டு சீட்: ஏ.டி.சி. பணிச்சுமை எப்போது ஆபத்தாக மாறுகிறது?

2025 ஜனவரி 29. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இரவு மணி 8.48. ரொனால்ட் ரீகன் விமான நிலையத்தில் தரையிறங்க வந்துகொண்டிருந்த பயணிகள் விமானமும், ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் போட்டோமேக் ஆற்றுக்கு மேலே மோதிக்கொண்டன. விமானத்தில் இருந்த 64 பேர், ஹெலிகாப்டரில் இருந்த 3 பேர் என மொத்தம் 67 பேர். ஒருவர்கூட பிழைக்கவில்லை.

மறுநாளே அரசியல் ஆரம்பித்துவிட்டது. விசாரணை தொடங்கும் முன்பே, பன்முகத்தன்மையைக் காட்டி ஆள் எடுக்கும் கொள்கைதான் காரணம் என்று அதிபர் ட்ரம்ப் பேசினார். ஆனால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் ஆரம்பகட்ட அறிக்கையில் சத்தமே இல்லாமல் வேறு ஒரு விஷயம் இருந்தது. அந்த நேரத்துக்கும் அந்த அளவு போக்குவரத்துக்கும் டவரில் இருந்த ஆட்கள் ஏற்பாடு இயல்பானதாக இல்லை என்பதுதான் அது.

சாதாரணமாக இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை அன்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏ.டி.சி. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையில் இது பெரிய அதிசயம் இல்லை. உலகம் முழுக்க தினமும் நடப்பதுதான். பிரச்சினையே அதில்தான் இருக்கிறது.

அன்று இரவு டவரில் என்ன நடந்தது?

ரீகன் விமான நிலையத்தின் டவரில் விமானங்களைக் கவனிக்க ஒரு சீட், ஹெலிகாப்டர்களைக் கவனிக்க இன்னொரு சீட் உண்டு. ராணுவம், போலீஸ், வி.ஐ.பி. பயணம் என்று வாஷிங்டன் வானத்தில் ஹெலிகாப்டர்கள் அதிகம் என்பதால் இந்தத் தனி ஏற்பாடு. இரவு 9.30 மணிக்கு மேல் போக்குவரத்து குறைந்ததும் இரண்டு சீட்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒருவரிடம் கொடுப்பது வழக்கம். அன்று 9.30 ஆவதற்கு முன்பே சேர்த்துவிட்டார்கள். டவரில் வேறு யாருமே இல்லை என்பது இல்லை, மற்ற வேலைகளில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் இறங்கும் விமானம், ஏறும் விமானம், குறுக்கே போகும் ஹெலிகாப்டர் என எல்லாவற்றோடும் பேச வேண்டிய பொறுப்பு ஒரே குரலிடம் வந்து சேர்ந்தது.

கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் இருந்து வந்த அந்த விமானம் முதலில் 1-ம் எண் ஓடுபாதையில் இறங்க வேண்டியது. அமெரிக்காவிலேயே மிக பிஸியான ஓடுபாதை அது. நெரிசலைக் குறைக்க, 33-ம் எண் ஓடுபாதைக்கு மாற முடியுமா என்று டவர் கேட்டது. விமானிகள் சரி என்றார்கள். இதுவும் வழக்கமாக நடப்பதுதான். ஆனால் 33-க்குப் போகும் விமானம் ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி வளைந்து, தாழ்வாக வர வேண்டும். அதே கரையை ஒட்டித்தான் ‘ரூட் 4’ என்ற ஹெலிகாப்டர் பாதையும் இருந்தது.

மோதலுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் முன்பு, விமானம் வருவதை கட்டுப்பாட்டாளர் ஹெலிகாப்டருக்குச் சொல்கிறார். தெரிகிறது, பார்த்துப் போகிறோம் என்று பதில் வருகிறது. 20 விநாடி மிச்சம் இருக்கும்போது, அந்த விமானம் கண்ணில் தெரிகிறதா என்று மறுபடியும் கேட்கிறார். மோதல் எச்சரிக்கை ஒலி டவரில் கேட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று விநாடி கழித்து, விமானத்துக்குப் பின்னால் கடந்து போங்கள் என்கிறார். அதே நொடியில் ஹெலிகாப்டர் தரப்பில் மைக் பட்டன் அழுத்தப்படுகிறது. 0.8 விநாடிதான். ஆனால் அந்த உத்தரவின் முக்கியமான பகுதி அவர்கள் காதில் விழவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. விமானம் ஒரு அலைவரிசையில், ஹெலிகாப்டர் வேறு அலைவரிசையில். கட்டுப்பாட்டாளர் பேசுவது இரு தரப்புக்கும் போகும். ஆனால் விமானி பேசுவது ஹெலிகாப்டருக்குக் கேட்காது, அவர்கள் பேசுவது இவர்களுக்குக் கேட்காது. இரு தரப்பையும் இணைத்துப் பார்க்கக்கூடிய ஒரே இடம் அந்த ஒரு மனிதரின் மூளை.

‘கண்ணில் தெரிகிறது’ என்று சொன்னால் போதுமா?

விமானிக்கு எதிரே வருவது தெரிகிறது என்றால், மோதாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட விதி இடம் தருகிறது. பகலில், தெளிவான வானத்தில் இது நல்ல ஏற்பாடு. கட்டுப்பாட்டாளருக்கு ஒரு சுமை இறங்கும். இரவில், நகரத்தின் ஆயிரம் விளக்குகளுக்கு நடுவில், வரிசையாக இறங்கும் பல விமானங்களில் எந்த விளக்கு ‘அந்த’ விளக்கு? ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் வேறு விமானத்தைப் பார்த்துவிட்டு ‘தெரிகிறது’ என்று சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, விமானத்தில் மோதல் தடுப்புக் கருவி இருக்குமே? இருந்தது. சுமார் 20 விநாடிகள் முன்பு ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று எச்சரித்தது. ஆனால் தரைக்கு மிக அருகில் அந்தக் கருவி ‘ஏறு’, ‘இறங்கு’ என்று உத்தரவு தராது. தரையில் மோதவைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மோதல் நடந்தது சுமார் 300 அடி உயரத்தில். ஹெலிகாப்டர் 200 அடிக்கு மேல் போகக் கூடாத இடம் அது.

அப்படின்னா ஹெலிகாப்டர் மீதுதான் தப்பு என்று முடித்துவிடலாமா? முடியாது. விதிப்படி சரியாக 200 அடியிலேயே பறந்திருந்தாலும், 33-க்கு இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் இடையே அதிகபட்சம் 75 அடி இடைவெளிதான் இருந்திருக்கும் என்று விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. கணக்குப் போட்டுச் சொன்னது. 75 அடி என்பது ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம். வரைபடத்திலேயே போட்டு வைத்த இடைவெளி இது.

அதாவது பாதை தப்பாக இருந்தது. அந்தத் தப்பு விபத்தாக மாறாமல் இத்தனை காலம் தடுத்துக்கொண்டிருந்தது டவரில் உட்கார்ந்திருந்தவர்களின் கவனம் மட்டும்தான்.

15,214 முறை அடித்த மணி

2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரையிலான பதிவுகளை என்.டி.எஸ்.பி. எடுத்துப் பார்த்தது. ரீகன் விமான நிலையத்தில் பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்கும் குறைவாக, உயரத்தில் 400 அடிக்கும் குறைவாக நெருங்கிய சம்பவங்கள் 15,214. அதில் 85 சம்பவங்களில் பக்கவாட்டு இடைவெளி 1,500 அடிக்குள், உயர இடைவெளி 200 அடிக்குள்.

இது விபத்துக்குப் பிறகு யாரோ தோண்டி எடுத்த ரகசியம் இல்லை. எஃப்.ஏ.ஏ.வின் கையிலேயே இருந்த தகவல். கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. என்.டி.எஸ்.பி. தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி இதைச் சொல்லும்போது கோபத்தை மறைக்கவே இல்லை.

இத்தனை நடந்தும் அந்த விமான நிலையத்துக்கு விமானங்கள் குறைக்கப்படவில்லை, கூட்டப்பட்டன. ஆண்டுக்கு ஒன்றரை கோடி பயணிகளுக்காகக் கட்டப்பட்ட இடத்தில் இரண்டரை கோடிக்கும் மேல் வந்து போகிறார்கள். நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் எம்.பி.க்களுக்கு இந்த விமான நிலையம் ரொம்பப் பிடிக்கும். 2024 மே மாதம் நிறைவேறிய சட்டத்தில், தினமும் மேலும் 5 விமானங்கள் வந்து போக அனுமதி கொடுத்தார்கள்.

பணிச்சுமை என்றால் விமானங்களின் எண்ணிக்கை மட்டுமா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

கட்டுப்பாட்டாளர் திரையில் தெரியும் புள்ளிகளை மட்டும் பார்ப்பதில்லை. எந்த விமானம் எங்கே இருக்கிறது, ஒரு நிமிடம் கழித்து எங்கே இருக்கும், யாருக்கு என்ன சொன்னோம், அவர் அதைத் திருப்பிச் சரியாகச் சொன்னாரா, அடுத்து யாரிடம் பேச வேண்டும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு படம் உண்டு. ஏ.டி.சி. வட்டாரத்தில் இதை ‘பிக்சர்’ என்றே சொல்வார்கள். ஷிஃப்ட் மாறும்போது புதிதாக வருபவர் சில நிமிடம் பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் சீட்டில் உட்காருவார். அந்தப் படம் அவர் தலைக்குள் உருவாக அவ்வளவு நேரம் தேவை.

பத்து விமானங்கள் ஒரே வேகத்தில் ஒரே வரிசையில் வந்தால் சுமை குறைவு. ஆறே ஆறு, ஆனால் ஒன்று ஓடுபாதை மாறுகிறது, ஒன்று மழை மேகத்தைச் சுற்றுகிறது, ஒன்று ஹெலிகாப்டர், ஒருவருக்கு ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை என்றால் சுமை பல மடங்கு. இதில் இரண்டாவது சீட்டின் வேலையையும் சேர்த்தால் அந்தப் படத்தின் ஓரங்கள் மங்க ஆரம்பிக்கும். சிக்கல் என்னவென்றால், அது மங்குவது அவருக்கே தெரியாது. எல்லாம் கட்டுக்குள் இருப்பதாகவே தோன்றும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. நெரிசல் முடிந்து, போக்குவரத்து குறைந்து, உடம்பு தளரும் நேரம். 2006-ல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் காமேர் நிறுவனத்தின் விமானம் விடியும் முன் தவறான ஓடுபாதையில் ஏறி, மேலெழ முடியாமல் நொறுங்கியது. 49 பேர் இறந்தனர். முதன்மைத் தவறு விமானிகளுடையது. ஆனால் டவரில் அப்போது இருந்தது ஒரே ஒருவர். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே அவர் தூங்கியது சுமார் 2 மணி நேரம். புறப்பட அனுமதி கொடுத்துவிட்டு வேறு வேலைக்காகத் திரும்பிவிட்டார், விமானம் எந்தப் பாதையில் ஏறியது என்பதைப் பார்க்கவில்லை.

2011 மார்ச்சில் இதே ரீகன் விமான நிலையத்தில் நள்ளிரவு தாண்டி இரண்டு பயணிகள் விமானங்கள் டவரைக் கூப்பிட்டும் பதிலே இல்லாமல் தாங்களாகவே இறங்கின. டவரில் தனியாக இருந்தவர் தூங்கிவிட்டார். தொடர்ந்து நான்காவது இரவு ஷிஃப்ட் அவருக்கு. அதன் பிறகுதான் இரவில் ஒருவரைத் தனியாக விடக் கூடாது என்று அங்கே முடிவெடுத்தார்கள்.

அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்களிடம் ‘ராட்லர்’ என்று ஒரு ஷிஃப்ட் முறை பிரபலம். இரண்டு மாலை, இரண்டு பகல், கடைசியில் ஒரு நள்ளிரவு என்று ஐந்து ஷிஃப்டை ஒரே வாரத்தில் நெருக்கிப் போடுவது. முடித்தால் நீண்ட விடுமுறை கிடைக்கும் என்பதால் ஊழியர்களிலேயே பலருக்கு இது பிடிக்கும். ராட்டில் ஸ்நேக் பாம்பு மாதிரி திரும்பி வந்து கடிக்கும் என்பதால் அந்தப் பெயர். 2024-ல்தான் எஃப்.ஏ.ஏ. இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 10 மணி நேரமும், நள்ளிரவு ஷிஃப்டுக்கு முன் 12 மணி நேரமும் ஓய்வு கட்டாயம் என்று அறிவித்தது. வீட்டுக்குப் போகும் நேரம், சாப்பிடும் நேரம், குழந்தையைப் பார்க்கும் நேரம் எல்லாம் அந்த 10 மணிக்குள்தான் அடங்க வேண்டும்.

ஆள் எடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

அமெரிக்காவில் முழுத் தகுதி பெற்ற கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 10,800 பேர். தேவையைவிட 3,000 பேருக்கு மேல் குறைவு. பல மையங்களில் வாரம் 6 நாள், நாளுக்கு 10 மணி நேரம் என்பது கட்டாய ஓவர்டைம் கணக்கில் சாதாரணமாகிவிட்டது.

இதன் வேரைத் தேடினால் 1981 வரை போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிபர் ரீகன் 48 மணி நேரம் கெடு கொடுத்தார். திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரே உத்தரவில் வேலையை விட்டு அனுப்பினார். (இன்று அந்த விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான் என்பது ஒரு தனிக் கதை.) அவர்களுக்குப் பதிலாக மொத்தமாக எடுக்கப்பட்டவர்கள் மொத்தமாகவே ஓய்வு வயதையும் அடைந்தார்கள். இந்த வேலையில் 56 வயதில் கட்டாய ஓய்வு. சேரும்போது 31 வயது ஆகியிருக்கக் கூடாது.

புதிதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் ஓக்லஹோமா சிட்டி பயிற்சி மையத்தில் சில மாதங்கள். பலர் அங்கேயே தேறாமல் போவார்கள். தேறியவர் ஏதாவது ஒரு டவருக்கோ ரேடார் மையத்துக்கோ போய், அந்த இடத்தின் பாதைகளை மனப்பாடம் செய்து, ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்று, ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாகத் தகுதி பெற வேண்டும். மொத்தம் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். இன்னொரு ஊருக்கு மாற்றினால் அந்த ஊருக்கான பயிற்சி மறுபடி தேவை. சென்னையில் ஓட்டிய பஸ் டிரைவர் மதுரையில் போய் அடுத்த நாளே ஓட்டுவது மாதிரி இது இல்லை.

இதில் ஒரு விஷமச் சுழலும் இருக்கிறது. பயிற்சி கொடுக்க சீனியர் வேண்டும். சீனியரோ ஏற்கெனவே ஓவர்டைமில் இருக்கிறார். ஆள் குறைந்த இடத்தில்தான் புதிய ஆள் தயாராக அதிக காலம் பிடிக்கிறது.

தாமதமா, ஆபத்தா?

ஆள் பற்றாக்குறை இரண்டு விதமாக வெளியே வரும். ஒன்று, தாமதம். ஒரு மையத்தால் மணிக்கு இத்தனை விமானங்களைத்தான் கையாள முடியும் என்றால் மீதியைத் தரையிலேயே நிறுத்தி வைப்பது. ஐரோப்பாவில் யூரோகன்ட்ரோல் அமைப்பு இதைத்தான் செய்கிறது. பிரான்ஸ் வானத்தில் ஆள் குறைவு என்றால் வேறு நாட்டில் புறப்பட வேண்டிய விமானம்கூட தரையில் காத்திருக்கும். பயணிகள் திட்டுவார்கள், நிறுவனங்களுக்கு நஷ்டம், ஆனால் வானத்தில் இடைவெளி காப்பாற்றப்படும்.

இரண்டாவது, சீட்டுகளைச் சேர்ப்பது. விமானங்கள் நேரத்துக்குப் போகும். போர்டில் ‘ஆன் டைம்’ என்றே காட்டும். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். பற்றாக்குறை எங்கேயும் பதிவாகாது, ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கும். நிர்வாகத்துக்கு இந்த இரண்டாவது வழி எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். தாமதத்துக்கு மறுநாளே கணக்குக் கேட்பார்கள். சேர்த்த சீட்டுக்குக் கணக்குக் கேட்க ஒரு விபத்து நடக்க வேண்டும்.

முதல் வழி எப்படி இருக்கும் என்பதை 2025 நவம்பரில் அமெரிக்கா முழுக்கப் பார்த்தது. அரசு நிர்வாக முடக்கத்தால் கட்டுப்பாட்டாளர்கள் வாரக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். பலர் வரவில்லை. கடைசியில் முக்கியமான 40 விமான நிலையங்களில் விமானங்களைப் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்க எஃப்.ஏ.ஏ. உத்தரவிட்டது. முடக்கம் அக்டோபர் 1-ல் தொடங்கி 43 நாள் நீடித்தது. அத்தனை நாள் இழுத்த அரசியல் சிக்கல், விமானங்கள் ரத்தாக ஆரம்பித்த சில நாட்களில் முடிவுக்கு வந்தது. அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் இல்லை.

அதற்கு முன்பு ஏப்ரல் 28-ல் நியூவார்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கையாளும் மையத்தில் ரேடாரும் ரேடியோவும் சுமார் 90 விநாடிகள் செத்துப்போயின. திரையில் ஒன்றும் இல்லை, விமானங்களோ பறந்துகொண்டிருக்கின்றன. விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் அங்கிருந்த சிலர் மன அதிர்ச்சிக்காக விடுப்பில் போனார்கள். ஏற்கெனவே ஆள் குறைவான மையம் அது. அடுத்த சில வாரங்கள் நியூவார்க்கில் தாமதமும் ரத்தும் தொடர்ந்தன.

2002-ல் ஐரோப்பா கற்ற பாடம்

வாஷிங்டன் விபத்தைக் கேட்டதும் துறையில் இருப்பவர்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது ஜெர்மனியின் உபர்லிங்கன். 2002 ஜூலை 1, நள்ளிரவு நெருங்கும் நேரம். ரஷ்யப் பயணிகள் விமானமும் டி.ஹெச்.எல். சரக்கு விமானமும் நடுவானில் மோதின. இறந்த 71 பேரில் 52 பேர் குழந்தைகள்.

அந்த வானத்தைக் கவனித்தது சுவிட்சர்லாந்தின் ஸ்கைகைட் நிறுவனம். பணியில் இருந்த இருவரில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். விதியில் இடமில்லை, ஆனால் இரவில் அப்படிப் போவது பழக்கமாகி, நிர்வாகமும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. மீதி ஒருவர் இரண்டு மேசைக்கும் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் வந்தார். பராமரிப்பு வேலைக்காக மோதல் எச்சரிக்கை வசதியின் ஒரு பகுதி நிறுத்தப்பட்டிருந்தது. முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை. இன்னொரு மேசையில் தாமதமாக வந்த விமானத்தை இறக்க, வேலை செய்யாத போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து நாட்டு மையத்தில் இருந்தவர்களுக்கு ஆபத்து தெரிந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள், லைன் கிடைக்கவில்லை.

கவனித்தபோது ஒரு நிமிடம்கூட மிச்சம் இல்லை. ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். அதே விமானத்தின் தானியங்கிக் கருவி மேலே ஏறச் சொன்னது. விமானிகள் மனிதக் குரலை நம்பி இறங்கினார்கள். சரக்கு விமானமோ தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது.

மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்த ஒரு ரஷ்யர், 2004-ல் அந்தக் கட்டுப்பாட்டாளரின் வீடு தேடிப் போய் அவரைக் குத்திக் கொன்றார். 2007-ல் சுவிஸ் நீதிமன்றம் ஸ்கைகைட் நிர்வாகிகள் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. இரவில் ஒருவரை மட்டும் வைத்து ஓட்டும் பழக்கத்துக்கு பொறுப்பு யாருடையது என்பதற்கு நீதிமன்றத்தில் பதில் கிடைக்க ஐந்து ஆண்டு ஆனது. அதற்குள் நாற்காலியில் இருந்தவர் உயிரோடு இல்லை.

வாஷிங்டனில் இந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் சீக்கிரமே வந்தது. 2025 டிசம்பரில் நீதிமன்றத்தில் அமெரிக்க அரசே தன் தரப்புத் தவறை ஒப்புக்கொண்டது. 2026 ஜனவரி இறுதியில் என்.டி.எஸ்.பி. தன் முடிவை அறிவித்தபோது, ஓடுபாதைக்கு அவ்வளவு பக்கத்தில் ஹெலிகாப்டர் பாதையை வைத்ததையே முதல் காரணமாகச் சொன்னது. சேர்க்கப்பட்ட சீட்டின் பணிச்சுமையால் டவரின் கவனம் சிதறியதையும் காரணங்களில் சேர்த்தது. மோதல் நடந்த இடத்தை ஒட்டிய ரூட் 4 பகுதி நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியாவுக்கு இதில் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். நடுவானில் விமானங்கள் மோதியதில் இன்றுவரை அதுதான் உலகிலேயே மோசமானது. 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியதுதான் காரணம். ஆனால் அப்போது டெல்லி கட்டுப்பாட்டாளரிடம் இருந்த ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. விமானி வாயால் சொல்வதை நம்ப வேண்டியதுதான். வருவதற்கும் போவதற்கும் ஒரே வழித்தடம் வேறு. அதன் பிறகுதான் மோதல் தடுப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமானது, ரேடாரும் வழித்தடங்களும் மாறின.

கருவிகள் வந்துவிட்டன. ஆட்கள்?

இந்திய வானம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரிய பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏ.டி.சி. ஊழியர்கள் விமான நிலைய ஆணையத்தின் கீழ் வருகிறார்கள். அவர்களுக்கான விதிகளைப் போடுவது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. ஒருவர் தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்காரலாம், எப்போது ஓய்வு என்பதற்குப் பணி நேர வரம்பு விதிகள் எழுத்தில் இருக்கின்றன.

2025 ஆகஸ்டில் போக்குவரத்துத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு விமானப் பாதுகாப்பு குறித்து அறிக்கை கொடுத்தது. அகமதாபாத் ஏர் இந்தியா விபத்து நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்த நேரம். (அந்த விபத்துக்கும் ஏ.டி.சி.க்கும் தொடர்பு இருப்பதாக யாரும் சொல்லவில்லை.) கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறை, அவர்களின் சோர்வு, பயிற்சி வசதிக் குறைவு எல்லாவற்றையும் குழு சுட்டிக்காட்டியது. பணி நேர வரம்பு விதியில் விலக்கு கொடுத்து ஓட்டுவதை கவலைக்குரியது என்றது. கண்காணிக்க வேண்டிய டி.ஜி.சி.ஏ.விலேயே ஒப்புதல் பெற்ற 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரம்பியிருந்தன என்ற கணக்கும் அதில் இருந்தது. சோர்வைக் கண்காணிக்கும் முறை விமானிகளுக்கு இருப்பதுபோல் கட்டுப்பாட்டாளர்களுக்கும் தேசிய அளவில் வேண்டும் என்பது குழுவின் பரிந்துரை.

அறிக்கை வந்து மூன்று மாதத்தில், 2025 நவம்பர் 7 அன்று டெல்லியில் ஏ.டி.சி.யின் தகவல் பரிமாற்றக் கருவி பழுதானது. விமானங்களின் பயணத் திட்டங்கள் தானாகத் திரைக்கு வருவது நின்றுபோக, எல்லாவற்றையும் ஊழியர்கள் கையால் செய்ய வேண்டியதாயிற்று. 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. சமூக வலைதளத்தில் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் அன்று நடந்தது முதல் வழி. கை வேலை மெதுவாகத்தான் போகும் என்பதால் விமானங்களை நிறுத்தி நிறுத்தி அனுப்பினார்கள். அவசரப்பட்டு அள்ளிவிடவில்லை.

அடுத்த மாதமே இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, விமானிகளின் பணி நேர விதி என்றால் என்ன என்பது டீக்கடை வரை பேசப்பட்டது. புதிய ஓய்வு விதிக்கு ஏற்ப போதுமான விமானிகள் இல்லை. நெருக்கடியைச் சமாளிக்க இண்டிகோவுக்கு டி.ஜி.சி.ஏ. தற்காலிக விலக்கு கொடுத்தது, அதற்கு விமானிகள் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. கட்டுப்பாட்டாளர்களின் விதியில் கொடுக்கப்பட்ட விலக்கு அந்த அளவுக்கு எங்கும் செய்தியாகவில்லை. அதனால் எந்த விமானமும் ரத்தாகவில்லை என்பதுதான் காரணம்.

இதற்கு நடுவே நவி மும்பையில் புதிய விமான நிலையம் செயல்படத் தொடங்கிவிட்டது. டெல்லிக்குப் பக்கத்தில் ஜேவர், சென்னைக்குப் பக்கத்தில் பரந்தூர் என்று திட்டங்கள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டவர் வேண்டும், ஒவ்வொரு டவரிலும் மூன்று ஷிஃப்டுக்கும் ஆட்கள் வேண்டும். பிரயாக்ராஜ் போன்ற பயிற்சி மையங்களில் முடித்து வருபவர், நியமிக்கப்பட்ட இடத்தில் மறுபடி கற்று, தேர்வில் தேறிய பிறகுதான் தனியாக மைக்கைப் பிடிக்க முடியும். நாடாளுமன்றக் குழு கேட்டதும் அதைத்தான்: இப்போது இருக்கும் இடங்களுக்கும், இனி திறக்கப் போகும் இடங்களுக்கும் எத்தனை பேர் வேண்டும் என்று முதலில் எண்ணிச் சொல்லுங்கள்.